சொல்லக் கூச வேண்டாம்: வட சிலாங்கூர்ப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை ஆயர் தாவார், சபாக், சுங்கை புசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் அம்மாமார்களே, அக்கா தங்கைகளே!

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலர் என்னை ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுவீர்கள். உங்களிடம் நெடுநாளாகப் பேச நினைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசினால் சந்தேகம் கேட்க யாருக்கும் வாய் வராது. கடிதமாக இருந்தால் தனியாக உட்கார்ந்து படிக்கலாம், மகளுக்கும் மருமகளுக்கும் கொடுக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

பெண்ணுறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல். கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மாவு அப்பியது போல வெள்ளை. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சிவந்து நீர் கசியும் புண். முதுகிலும் கழுத்திலும் பரவும் தேமல். இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் ஈஸ்ட் என்கிற பூஞ்சைக் கிருமி. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். சரியான மருந்து போட்டால் இவற்றில் பலவும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அப்படி இருந்தும் நம் பெண்கள் இதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள். அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் இந்த மடல்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் ஊர்த் தென்னங்கள்ளைப் பொங்க வைப்பதும் ஒரு வகை ஈஸ்ட்தான். அதற்குத் தூரத்து உறவு, நம் அரிப்புக்குக் காரணமான கேண்டிடா என்கிற ஈஸ்ட். ஆரோக்கியமாக இருக்கிற பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும், பெண்களுக்குப் பெண்ணுறுப்பிலும் இது கொஞ்சமாகக் குடியிருக்கும், தொந்தரவு கொடுக்காது. பெண்ணுறுப்பில் லாக்டோபேசிலஸ் என்கிற நல்ல கிருமிகள் உண்டு. அவை அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளை அடக்கி வைக்கும். அந்தச் சமநிலை குலைந்தால் கேண்டிடா பெருகும். ஆன்டிபயோட்டிக் மருந்து சாப்பிட்டால் குலையும். கர்ப்ப காலத்தில் குலையும். இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் குலையும். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அப்படியே. ஈரமும் வெப்பமும் காற்றுப் புகாத உடையும் சேர்ந்தால் தோல் மடிப்புகளில் கிருமிக்குக் கொண்டாட்டம். ரப்பர் பூட்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்டுச் செம்பனைக்கு மருந்து அடிக்கிற பெண்களுக்கும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிற பெண்களுக்கும் காலையில் போட்ட உடை வேர்வையில் நனைந்து மாலை வரை உடம்போடு ஒட்டிக் கிடக்கும்.

ஆகவே இது உங்கள் சுத்தக் குறைவால் வந்தது என்று நினைக்காதீர்கள். நடத்தையோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். இதைப் பாலுறவு நோய்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை, திருமணமாகாத பெண்ணுக்கும் வரும். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது பெண்ணுறுப்பில் ஈஸ்ட் தொற்று வருகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

நம் வீடுகளில் வெள்ளைப்படுதல் என்றால் ‘உடம்புச் சூடு’ என்பார்கள், ‘எலும்பு உருகி வருது’ என்று பயப்படுவார்கள். எலும்பு உருகி அந்த வழியாக வருவதில்லை. மாதவிலக்குச் சுழற்சிக்கு ஏற்பத் தண்ணீராகவோ, முட்டை வெள்ளைக்கரு போலவோ, பால் நிறத்திலோ கொஞ்சம் திரவம் படுவது ஒவ்வொரு பெண்ணுக்கும் இயல்பு. அரிப்பும் எரிச்சலும் நாற்றமும் இல்லாமல் அப்படிப் பட்டால் அது நோயே இல்லை, மருந்தும் வேண்டாம். இளநீரும் வெந்தயமும் குடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் அரிப்பு வந்த பிறகும் அதையே குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினால் தொற்று நீடிக்கும்.

ஈஸ்ட் தொற்றை அடையாளம் காண்பது எப்படி? முதல் அறிகுறி அரிப்பு. இரவில் தூங்க விடாது. வெளிப்புறத் தோல் சிவந்து வீங்கும், சிலருக்கு வெடிக்கும். சிறுநீர் அந்த வெடிப்பில் படும்போது எரியும். உறவின்போது வலிக்கும். திரவம் வெள்ளையாக, கெட்டியாக, திப்பி திப்பியாக இருக்கும். நாற்றம் பெரும்பாலும் இருக்காது.

வேறு இரண்டு தொல்லைகளை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. சாம்பல் நிறத்தில் தண்ணீர் போல வந்து மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரிக்கோமோனாஸ் என்கிற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவு மூலம் பரவுவது, கணவனுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பூஞ்சை மருந்து வேலை செய்யாது.

நாமே பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ஈஸ்ட் தொற்று என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் உண்மையில் அந்தத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு வேறு நோய். அதனால் முதல் தடவை வரும்போது கிளினிக்குக்குப் போய் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மருந்து அடிக்கிற வேலை. இடுப்பு வலி என்று பதிவு செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டாக்டர் அடுத்த அறைக்குப் போன நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து, “மிஸி, கீழ ரொம்ப அரிக்குது, வெளிய சொல்ல முடியல” என்றார். எட்டு மாதமாக உப்புப் போட்ட வெந்நீரில் கழுவியிருக்கிறார், டெட்டால் கலந்தும் கழுவியிருக்கிறார். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தபோது தோல் காய்ந்த களிமண் போல வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தோம், 18 மில்லிமோல் காட்டியது. தனக்கு இனிப்புநீர் இருப்பது அந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது. எட்டு மாதம் முன்னால் வாய் திறந்திருந்தால் அந்த வேதனையும் இல்லை, இனிப்புநீரும் எட்டு மாதம் முன்னதாகவே பிடிபட்டிருக்கும்.

நம் சமூகத்துக்கு இந்தக் கதை மிகவும் முக்கியம். மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வு 2019-இல் எடுத்த கணக்கில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நூறு பேரில் முப்பத்தொரு பேர். அந்தக் கணக்கில் இனிப்புநீர் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் தோலின் ஈரத்திலும் சர்க்கரை சேரும், ஈஸ்ட் அதைத் தின்று பெருகும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடும். ஆகவே அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், களிம்பு கேட்பதற்கு முன்னால், “சர்க்கரை பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

ஏற்கெனவே இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு செய்தி. டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்கிற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் ஆண், பெண் இருவருக்கும் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்றை வரவழைக்கக் கூடியவை. அரிப்பு வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலர வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். அரிப்புக்கு அவர் தனியாக மருந்து தருவார்.

இனி மருந்துக்கு வருவோம். பெண்ணுறுப்பு ஈஸ்ட்டுக்கு முதன்மையான மருந்து குளோட்ரிமசோல். உள்ளே வைக்கிற மாத்திரையாக வரும். 500 மில்லிகிராம் என்றால் ஒரே ஓர் இரவு. 200 என்றால் மூன்று இரவு. 100 என்றால் ஆறு இரவு. படுக்கப் போகும்போது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு உள்ளே வைக்க வேண்டும். காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் கரைந்து வெளியே வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளித்தோல் அரிப்புக்கு அதே மருந்து களிம்பாகக் கிடைக்கும். மாதவிலக்கு நாட்களில் மாத்திரை வைக்க வேண்டாம், முடிந்த பிறகு வையுங்கள். ஆணுறை பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டும், இந்தக் களிம்பும் மாத்திரையும் ரப்பரைப் பலவீனமாக்கும். வாய் வழியாகச் சாப்பிட ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரையும் உண்டு. அதைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் தொடக் கூடாது.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அரிப்பு இரண்டாம் நாளே குறையும். கிருமி முழுவதும் ஒழிந்திருக்காது. ஏழு நாளாகியும் சரியாகவில்லை என்றால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். கேண்டிடாவிலேயே சில இனங்கள் வழக்கமான மருந்துக்கு அடங்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை முதன்முதலாக வெளியிட்டது. மிக அவசரப் பிரிவில் கேண்டிடா இனங்கள் இரண்டு இருந்தன. நம் வீட்டு அரிப்பு உயிரைப் பறிக்காது. ஆனால் நோயால் நலிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் ரத்தத்தில் அதே கிருமி கலந்தால் உயிருக்கே ஆபத்து, அதற்குக் கைவசம் உள்ள மருந்துகளும் குறைவு. தேவையில்லாத நேரத்தில் மருந்தைக் கண்டபடி பயன்படுத்தி அதன் வீரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

கீழே சொல்கிறவர்கள் கடையில் தாங்களாக மருந்து வாங்காமல் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும். முதல் தடவை வந்தவர்கள். கர்ப்பிணிகள். 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள். 60 தாண்டியவர்கள். ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தவர்கள். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ உள்ளவர்கள். கொப்புளமோ புண்ணோ உள்ளவர்கள். நாற்றத்தோடோ ரத்தம் கலந்தோ படுபவர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் அரிப்பு பல நேரம் ஈஸ்ட்டாக இருக்காது, தோல் வறட்சியாகவோ வேறு தோல் நோயாகவோ இருக்கும். ரத்தம் கலந்து படுவதும் உறவுக்குப் பின் ரத்தம் வருவதும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்குகளில் அதற்கான பரிசோதனை செய்கிறார்கள். பள்ளியில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2010 முதல் அந்தப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் போடுகிறார்கள். மகளின் பாரத்தில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டெட்டால் வேண்டாம். உப்பு வெந்நீரும் எலுமிச்சையும் மஞ்சளும் உள்ளே போக வேண்டாம். பாசார் மாலாமில் வெற்றிலைச் சாறு, மஞ்சக்கானி என்று சொல்லி விற்கும் வாசனைக் கழுவுநீரும் வேண்டாம். பெண்ணுறுப்பின் உள்பகுதி தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். அதைக் கழுவக் கழுவ நல்ல கிருமிகள் செத்து, அரிப்பு கூடும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவி, முன்னாலிருந்து பின்னால் துடைத்தால் போதும். பருத்தி உள்ளாடை போடுங்கள். வேலை முடிந்து வந்ததும் சமையலுக்குப் போகும் முன்பே நனைந்த சிலுவாரை மாற்றுங்கள். காய்ச்சலுக்கு யாரோ வாங்கிய ஆன்டிபயோட்டிக்கில் மிச்சம் இருப்பதை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

கர்ப்பிணித் தங்கச்சிகளே, உங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும். உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் உங்களுக்குப் பாதுகாப்பானது. ஏழு இரவு வரை வைக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளி வைக்கும் குழாயைத் தவிர்த்துச் சுத்தமான விரலாலேயே வைக்கலாம். பரிசோதனைக்குப் போகிற நாளில் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கைக்குழந்தையின் வாய். பால் குடித்த வெள்ளை ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். ஈஸ்ட் படிந்த வெள்ளை எளிதில் போகாது, அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்து ரத்தம் துளிர்க்கும். குழந்தை பால் குடிக்க முரண்டு பிடிக்கும். அம்மாவுக்கும் முலைக்காம்பில் எரிச்சலும் குத்தலும் வரலாம். இதற்கு நிஸ்டாட்டின் என்கிற சொட்டு மருந்து இருக்கிறது. பால் கொடுத்த பிறகு டாக்டர் சொன்ன அளவை வாயின் இரண்டு பக்கமும் விட வேண்டும், வெள்ளை மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். அம்மாவின் மார்புக்கும் மருந்து போட வேண்டும், ஒருவருக்கு மட்டும் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். புட்டிக் காம்பையும் சூப்பியையும் தினமும் கொதிக்க வையுங்கள்.

பாட்டிமார்களே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். சேனை வைப்பதிலும் நாக்கு வழிப்பதிலும் உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைத்து, மூச்சையே நிறுத்தலாம். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவவும் வேண்டாம். ஒரு காலத்தில் வாயில் தடவிய ஊதா மருந்தையும் இப்போது விட்டுவிடச் சொல்கிறார்கள். கனடாவின் சுகாதாரத் துறை 2019-இல் அதற்குப் புற்றுநோய் அபாய எச்சரிக்கை கொடுத்தது. பெம்பர்ஸ் போடும் இடத்தில் மடிப்புக்குள் செக்கச் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதுவும் ஈஸ்ட்தான். பவுடரைக் கொட்டாமல் கழுவி உலர வைத்து, கொஞ்ச நேரம் பெம்பர்ஸ் இல்லாமல் விட்டு, கிளினிக்கில் கொடுக்கும் களிம்பைப் போடுங்கள்.

அந்த நிஸ்டாட்டினுக்கு ஒரு வரலாறு உண்டு, அதை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசை. மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடிந்த முதல் பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் ஒன்று அது. கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை செய்தவர்கள். ஹேசன் நியூயார்க் நகரில், பிரவுன் ஆல்பனியில். பல இடத்து மண்ணை எடுத்து, அதில் வளரும் நுண்ணுயிர்களைப் பிரித்து, ஜாடியில் அடைத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சோதித்தார்கள். வர்ஜீனியாவில் தோழி வீட்டுப் பண்ணை மண் ஒன்றில் அந்த மருந்து கிடைத்தது. 1950-இல் உலகுக்கு அறிவித்தார்கள், மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். அதில் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமைத் தொகையில் தங்களுக்கென்று ஒரு காசும் எடுக்காமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்கள். நம் குழந்தைகளின் நாக்கில் விழும் ஒவ்வொரு சொட்டிலும் அந்த இருவரின் உழைப்பு இருக்கிறது.

தோலுக்கு வருவோம். மார்புக்கு அடி, வயிற்று மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகியவற்றில் ஈஸ்ட் பிடித்தால் குளித்தபின் நன்றாக ஒற்றி உலர வைத்து, குளோட்ரிமசோல் களிம்பை இரண்டு வாரமாவது தடவுங்கள். புண்ணின் மேல் சோளமாவும் பவுடரும் அப்ப வேண்டாம். பூட்ஸை இரவில் கவிழ்த்துக் காய வையுங்கள், மாற்றுக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையில் நாள் முழுவதும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு நகத்தைச் சுற்றி வீங்கி வலிக்கும், அதிலும் ஈஸ்ட்டுக்குப் பங்கு உண்டு. கையை உலர்வாக வைப்பதுதான் முதல் மருந்து.

தேமல் மலாசீசியா என்கிற வேறு ஈஸ்ட்டால் வருவது. பொடுகுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. தேமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. கீட்டோகோனசோல் ஷாம்புவைத் திட்டுகளில் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் சில நாளில் கிருமி போய்விடும். ஆனால் தோலின் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். நிறம் வரவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வெள்ளைத் திட்டு என்றாலே குஷ்டம் என்று பதறிய காலம் உண்டு. 1930-இல் சுங்கை பூலோவில் குஷ்டரோகிகளுக்கான குடியிருப்பு திறந்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பயத்தால் பிரிந்தன. இன்று குஷ்டத்துக்கும் குணமாக்கும் மருந்து இருக்கிறது. வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றி உங்களை எச்சரித்தே ஆக வேண்டும். இந்தியாவுக்குப் போய் வருபவர்கள் கொண்டுவரும் டியூப், கடையில் சீட்டில்லாமல் விற்கும் டியூப், பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் டியூப் எதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். தடவியதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே போகும், தோலும் மெலிந்து கோடு விழும். இந்த வழக்கத்தால் இந்தியாவில் படர்தாமரை மருந்துக்கு அடங்காத நோயாகிவிட்டது. அதனால் 2018-இல் அந்த நாட்டு அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டோடு மட்டும் விற்கும் பட்டியலில் சேர்த்தது. டியூப் மேல் ‘பீட்டாமெத்தசோன்’, ‘குளோபெட்டசோல்’ என்று எழுதியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள்.

பெரியவர்கள் வாயிலும் வெள்ளை படியும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இழுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட் போடுபவர்கள் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல் வாயில் வெள்ளை படர்ந்து, விழுங்கும்போது வலித்தால் சர்க்கரையோடு எச்ஐவி பரிசோதனையும் அவசியம்.

ஆண்களும் இதைப் படிக்கட்டும். உங்களுக்கும் ஆணுறுப்பின் முனையில் சிவந்து, அரித்து, தோலடியில் வெள்ளை படியலாம். முன்தோலில் அப்படித் திரும்பத் திரும்ப வந்து தோல் வெடித்தால் அது இனிப்புநீரின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும். மனைவிக்கு ஈஸ்ட் தொற்று என்று தெரிந்தால் அவள் மேல் சந்தேகப்படாதீர்கள், உங்களுக்கு அறிகுறி இல்லை என்றால் உங்களுக்கு மருந்தும் வேண்டாம். கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போங்கள், அது போதும்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். மலாயில் வெள்ளைப்படுதலுக்குக் ‘கெபுத்திஹான்’ என்பார்கள், அரிப்புக்குக் ‘காத்தால்’, இனிப்புநீருக்குக் ‘கெஞ்சிங் மானிஸ்’. பதிவு இடத்தில் ‘மசாலா பெரெம்புவான்’, அதாவது பெண்கள் பிரச்சினை என்று மட்டும் சொன்னால் போதும், விவரம் கேட்க மாட்டார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், அப்படிக் கேட்பதில் தப்பில்லை. எப்போது தொடங்கியது, என்ன நிறம், நாற்றம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கடைசி மாதவிலக்கு எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி தடுமாறினால் பள்ளியில் படிக்கிற மகளை எழுதச் சொல்லுங்கள், அவளுக்கும் இது தெரிய வேண்டிய பாடம். அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் முடியாததற்குத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியும் சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. இந்த வாரம் அரிப்போடு இருப்பவர்கள் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தவர்கள் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் வீடு திரும்பாதீர்கள். பெரிய மனுஷியாகப் போகிற மகளிடம், எது இயல்பு எது நோய் என்று நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், அவளாவது யாரிடமும் சொல்லாமல் இதைச் சுமக்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி
சுங்கை ஆயர் தாவார்